ஆறாவது பல்

"இன்னைக்கும் ஆடலைக்கா."

வாய்க்குள் விட்ட விரலை எடுக்காமலே நிதீஷ் சொன்னான். எச்சில் முழங்கை வரை வழிந்தது.

கண்ணாடி முன்னால் நின்று பின்னல் போட்டுக்கொண்டிருந்த லோகப்பிரியா திரும்பிப் பார்த்தாள். "நல்லா ஆட்டிப் பாத்தியாடா?"

"முன்னாலயும் ஆட்டிப் பாத்துப்போட்டேன், பின்னாலயும் ஆட்டிப் பாத்துப்போட்டேன். நட்டு வெச்ச கல்லாட்ட நிக்குது."

"சரி, கையக் கழுவு. அதே கையில என்ற பையத் தொட்டுப்போடாத."

நிதீஷுக்கு ஏழு வயது. லோகப்பிரியாவுக்குப் பதினொன்று. பத்து நாளாக அந்த வீட்டில் காலைப் பொழுது இப்படித்தான் விடிந்தது. தம்பி எழுந்ததும் பல்லை ஆட்டிப் பார்ப்பான். ஆடவில்லை என்பான். அக்கா கையைக் கழுவச் சொல்வாள்.

கீழ் வரிசையில், வலது பக்கம், கடைசிப் பல். அதன் நடுவில் எள்ளளவு கறுப்பு. பார்க்க எள்தான். ஆனால் சோற்றுப் பருக்கை அதற்குள் மாட்டிக்கொண்டால் நிதீஷ் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொள்வான். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். அம்மா ஒரு கிராம்பை நசுக்கி வைப்பார். கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு மறுபடி ஆரம்பிக்கும்.

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாமுங்க" என்று அம்மா ஒருநாள் அப்பாவிடம் கேட்டார்.

அப்பா நஞ்சுண்டன் மகனை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்தி, தாடையைப் பிடித்து, வாயைப் பார்த்தார். பார்க்க இரண்டு நொடிகூட ஆகவில்லை.

"முன்னால கீழ ரெண்டு விழுந்து மொளைச்சிருக்குது. மேல ரெண்டு விழுந்திருக்குது, இன்னும் மொளைக்கல. இந்தப் பல்லு இன்னும் விழுகவே இல்ல. விழுகாத பல்லுனா பால் பல்லு. அது தானா ஆடும், தானா விழுகும், தானா வேற மொளைக்கும். இதுக்கு எதுக்கு அம்மணி டாக்டரு?"

அதற்கு மேல் யார் என்ன பேசுவது? பல் விஷயத்தில் நஞ்சுண்டன் சொன்னால் வெள்ளகோவில் சுற்று வட்டாரமே தலையாட்டும்.

அவர் பல் வைத்தியர் அல்ல. மாடு வளர்ப்பவர். சந்தையில் யார் மாடு வாங்கினாலும், "நஞ்சுண்டண்ணனைக் கூப்புடுங்க, பல்லுப் பாக்கட்டும்" என்பார்கள். அவர் போய் மாட்டின் மூக்கைப் பிடித்து, கீழுதட்டை விரலால் தாழ்த்தி, ஒரே பார்வை பார்ப்பார். கன்றுக்குக் கீழே முன்வரிசையில் எட்டுப் பால் பற்கள் இருக்கும். மேலே முன்பல்லே கிடையாது. இரண்டு வயதுவாக்கில் நடுப்பற்கள் இரண்டும் விழுந்து, அங்கே அகலமாக இரண்டு முளைக்கும். அப்புறம் பக்கத்தில் இரண்டு. அப்படியே ஜோடி ஜோடியாக எட்டும் மாறும்.

"ரெண்டு பல்லுதானுங்க போட்டிருக்குது, எளங்காளை" என்பார் நஞ்சுண்டன். அல்லது, "கடை சேந்துருச்சுங்க" என்பார். எட்டும் மாறி முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். விற்கிறவர் எத்தனை வயது சொன்னாலும், வாங்குகிறவர் அப்பா சொல்வதைத்தான் நம்புவார்.

அப்படிப்பட்டவர் பால் பல் என்று சொன்ன பிறகு, அது பால் பல்தான். நிதீஷுக்கும் உள்ளூர சந்தோஷம். டாக்டரிடம் போனால் ஊசி போடுவார்கள். பல் தானாக விழுந்தால் ஊசி இல்லை. அதனால்தான் தினமும் அவ்வளவு அக்கறையாக ஆட்டிப் பார்த்தான்.

ஆனால் அது ஆடவில்லை.

* * *

வெள்ளிக்கிழமை லோகப்பிரியாவின் வகுப்பில் சைதன்யா டீச்சர் கரும்பலகையில் பெரிதாக ஒரு வாயை வரைந்தார். பார்ப்பதற்கு இரண்டு குதிரை லாடங்களைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்ததுபோல் இருந்தது.

"பால் பல் மொத்தம் இருபது. மேலே பத்து, கீழே பத்து. நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டு போங்க. கடிக்கிறதுக்கு வெட்டுப்பல் ரெண்டு. கிழிக்கிறதுக்குக் கோரைப்பல் ஒண்ணு. அரைக்கிறதுக்குக் கடைவாய்ப்பல் ரெண்டு. ஆக எத்தனை?"

"அஞ்சுங்க டீச்சர்."

"பெரியவங்களுக்கு எல்லாம் முளைச்சு முடிஞ்சா முப்பத்திரண்டு. இப்ப வீட்டுப்பாடம். மூணு பேர் வாயைப் பார்த்துப் பல்லை எண்ணிப் படம் வரைஞ்சிட்டு வரணும். ஒருத்தர் பள்ளிக்கூடம் சேராத சின்னக் குழந்தை, ஒருத்தர் உங்களைவிடச் சின்னவங்க, ஒருத்தர் பெரியவங்க. புத்தகத்தைப் பார்த்து எழுதினா எனக்குத் தெரிஞ்சிடும்."

கடைசி பெஞ்சிலிருந்து ரோஹன் கையைத் தூக்கினான். "டீச்சர், எங்கம்மா பேச ஆரம்பிச்சா வாய மூடவே மாட்டாங்க. எண்ணறது சுலபமுங்க டீச்சர்."

"அதை உங்கம்மா கையெழுத்தோட எழுதிக் கொண்டு வா" என்றார் டீச்சர்.

* * *

சனிக்கிழமை காலை. லோகப்பிரியா நோட்டு, பென்சில், அம்மாவின் போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். போனில் டார்ச்சைப் போட்டாள்.

"நிதீசு, வா. ஆ காட்டு."

"எத்தன நேரம்?"

"கொஞ்ச நேரம்."

"கொஞ்ச நேரம்னா எத்தன நேரம்?"

"நீ பேசற நேரத்துல எண்ணி முடிச்சிருப்பேன். தொறடா."

அவன் திறந்தான். அவள் நடுவிலிருந்து எண்ணினாள். விழுந்த இடங்களையும் பல்லாகவே சேர்த்துக்கொண்டாள். அங்கேதான் வேறு முளைக்கப்போகிறதே. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறு.

"அசையாத. தப்பா எண்ணிட்டேன்."

மறுபடி எண்ணினாள். ஆறுதான் வந்தது. மேலே இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. கீழேயும் அப்படியே.

"மொத்தம் இருவத்தி நாலு வருது" என்றாள்.

"எனக்குத்தான் நெறையப் பல்லு" என்றான் நிதீஷ் பெருமையாக. "என்ற கிளாஸ்ல மதனுக்குப் பதினெட்டுதான்."

"அவன எண்ணுனியா நீயி?"

"அவனே சொன்னான்."

லோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சர் இருபது என்றார். புத்தகத்திலும் இருபது என்றுதான் இருந்தது. அப்படியானால் மூலைக்கு ஒன்றாக நான்கு பல் எங்கிருந்து வந்தது?

அந்த நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து அக்ஷயா வந்தாள். நான்கு வயது. கட்டுத்தறியில் இருக்கும் கன்றுக்குட்டியைத் தினமும் ஒருமுறை பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"அச்சு, இங்க வா கண்ணு. அக்காவுக்கு ஆ காட்டு."

"எதுக்கு?"

"உனக்கு எத்தன பல்லுன்னு பாக்கோணும்."

"நூறு" என்றாள் அக்ஷயா. ஆனாலும் காட்டினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அவ்வளவுதான். ஐந்தாவதற்கு அப்பால் வெறும் ஈறுதான், இளஞ்சிவப்பாக, வழவழவென்று. நான்கு மூலையிலும் ஐந்து ஐந்து. மொத்தம் இருபது. கடைசி மூலையை நன்றாகப் பார்க்க விரலைக் கொஞ்சம் உள்ளே விட்டாள். அக்ஷயா கடித்துவிட்டாள்.

"ஆ... ஏனுடி கடிச்ச?"

"பல்லு அதுக்குத்தான" என்று சொல்லிவிட்டு அக்ஷயா கன்றைப் பார்க்கப் போய்விட்டாள்.

லோகப்பிரியா விரலை உதறிக்கொண்டே மறுபடி தம்பியைப் பிடித்தாள். அக்ஷயாவுக்கு வெறும் ஈறு இருந்த அதே இடத்தில்தான் இவனுக்கு ஆறாவது பல் இருந்தது. மற்றப் பற்களைவிடப் பெரியது. அகலமாக, மேடும் பள்ளமுமாக, ஆட்டுக்கல் கொத்தினதுபோல் இருந்தது. அந்தப் பள்ளத்தில்தான் கறுப்பு எள்.

"நிதீசு, இந்தப் பல்லு எப்ப மொளைச்சுது?"

"தெரியல. ஒரு நாளு நாக்குல முட்டுச்சு. அப்பறம் இருந்துச்சு."

"இதுக்கு முன்னால அங்க வேற பல்லு இருந்துச்சா? விழுந்துச்சா?"

"ஒண்ணும் விழுகல. வெறுமெனதான் கெடந்துச்சு."

லோகப்பிரியா பென்சிலைக் கடித்தாள். பால் பல் மொத்தமே இருபதுதான். அந்த இருபதும் முதல் ஐந்து ஐந்து இடங்களிலேயே முடிந்துபோயின. அப்படியானால் ஆறாவது இடத்தில் முளைத்தது பால் பல்லாக இருக்க முடியாது. யாரையும் வெளியே தள்ளாமல், காலியாக இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்த புதுப் பல் அது.

அப்படியானால் அது விழாது. விழுந்தால் அங்கே வேறு முளைக்காது.

பத்து நாளாக அவன் எந்தப் பல் விழட்டும் என்று ஆட்டிக்கொண்டிருந்தானோ, அந்தப் பல்தான் அவனுக்குக் கடைசிவரை இருக்க வேண்டியது.

"டேய், இனி அதப் புடிச்சு ஆட்டாத" என்றாள்.

"ஏனுக்கா?"

"சொல்றேன். இரு."

* * *

கட்டுத்தறி ஓரம் அப்பா ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றார். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த சென்னகேசவன். ஒரு ஜோடிக் காளை வாங்க வேண்டும், அதற்குப் பல் பார்க்க அப்பா கூட வர வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்.

லோகப்பிரியா போய் நின்றாள். "அப்பா, நிதீசுக்கு நோகற பல்லு பால் பல்லு இல்லீங்கப்பா. நான் எண்ணிப் பாத்தேன். அது ஆறாவது பல்லுங்க. பால் பல்லு அஞ்சுதானுங்க."

சென்னகேசவன் சிரித்தார். "ஏனுங்ண்ணா, உங்கூட்டுலயே ஒரு ஆளு பல்லுப் பாக்கறாங்களாட்ட இருக்குது."

அப்பாவும் சிரித்தார். "எண்றதுல ஒண்ணு ரெண்டு கூடக் கொறைய வரும் அம்மணி. இருவது வருசமாப் பல்லுப் பாக்கறேன் நானு. விழுகாத பல்லு பால் பல்லுதான். போய்ப் படி, போ."

லோகப்பிரியாவின் நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. 'நீங்க மாட்டுக்கு முன்பல்லுதான பாப்பீங்க, கடைவாயப் பாக்க மாட்டீங்களே' என்று. ஆனால் வெளியூர்க்காரர் முன்னால் அதைச் சொன்னால் அப்பாவுக்கு எப்படி இருக்கும்? மாட்டுப் பல் பார்க்கக் கூப்பிட வந்தவரிடமே, இவருக்குப் பல் பார்க்கத் தெரியாது என்று சொன்னதுபோல் ஆகிவிடும்.

"சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

உள்ளே நிதீஷ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலையில் தின்ற பணியாரத்தில் ஒரு துணுக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அப்பா என்ன சொன்னாங்க?"

"படிக்கச் சொன்னாங்க."

"அப்ப நோகறதுக்கு?"

அவள் அடுப்படிக்குப் போனாள். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து அவனைக் கொப்பளிக்கச் சொன்னாள். அவன் கொப்பளித்துத் துப்பும்போது, வீட்டுப்பாட நோட்டைப் பார்த்தாள். சின்னக் குழந்தை, அக்ஷயா, இருபது. தன்னைவிடச் சின்னவன், நிதீஷ், இருபத்து நாலு இடம். மூன்றாவது வரி காலியாக இருந்தது.

பெரியவங்க.

சென்னகேசவனின் வண்டி சத்தம் தோட்டத்துப் பாதையில் தேய்ந்து மறையும்வரை காத்திருந்தாள். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, வீட்டுப்பாடத்துக்கு ஒரு பெரியவங்க வாய எண்ணோணுமுங்க."

"அம்மாகிட்டப் போ."

"அம்மா சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிருக்கறாங்க."

நஞ்சுண்டன் சுற்றுமுற்றும் பார்த்தார். காளைகளும் கன்றும்தான் இருந்தன. "சரி, வெரசாப் பாரு" என்று கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

எத்தனையோ ஆயிரம் மாடுகளின் வாயைத் திறந்தவர், தன் வாயை யாருக்கும் திறந்து காட்டியதில்லை போலும். அவள் டார்ச்சைக் கொண்டுபோனதும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தாடையைத் தொட்டதும் கூச்சத்தில் சிரித்துவிட்டார்.

"அப்பா, தலைய ஆட்டாதீங்க."

"கூசுது அம்மணி."

"மாட்டுக்குக் கூசினா என்ன பண்ணுவீங்க?"

"மூக்கணாங்கயிறப் புடிச்சுக்குவேன்."

"உங்களுக்கு அது இல்லீங்களே" என்று சொல்லி அவள் அவருடைய மூக்கைப் பிடித்துக்கொண்டாள். வாய் தானாகத் திறந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. மேல இந்தப் பக்கம் ஏழுங்கப்பா. அந்தப் பக்கமும் ஏழு."

கீழே வலப்பக்கம் ஏழு. எட்டாவதான ஞானப்பல் அவருக்கு முளைக்கவே இல்லை. கீழே இடப்பக்கம் எண்ணினாள். ஐந்து வரை போய் நின்றாள்.

"அப்பா, இங்க ஒரு சந்து இருக்குதுங்க. அஞ்சாவது இருக்குது, ஆறாவதக் காணோம். அதுக்கு அடுத்த பல்லு சந்துப் பக்கமாச் சாஞ்சு நிக்குது, விழுகப்போற கம்பமாட்ட."

நஞ்சுண்டன் வாயை மூடினார். நாக்கு உள்ளே அந்தச் சந்துக்குப் போனது கன்னத்தில் தெரிந்தது.

"அது அப்பவே போன பல்லு. நான் அஞ்சாவது படிக்கையில. இப்படித்தான் நோவு. பால் பல்லுதான, வேற மொளைக்கும்னு சொல்லிப் புடுங்கிப்போட்டாங்க. சாணிக்குள்ள வெச்சு உருட்டி, ஓட்டு மேல எறிஞ்சோம். நானும் ரெண்டு வருசம் கண்ணாடியப் பாத்தேன். மொளைக்கல."

"ஏன் மொளைக்கலைன்னு யாருங் கேக்கலீங்களா?"

"யாரக் கேக்கறது? என்ற எறி ஓட்டு மேல சரியாப் போயி உழுகலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்."

லோகப்பிரியா அவர் வாயையும் வரைந்துவிட்டு, நோட்டை அவர் மடியில் வைத்தாள். மூன்று வாய்களும் அதில் இருந்தன. ஆறாவது இடத்தில் அக்ஷயாவுக்கு வெறும் ஈறு. நிதீஷுக்குக் கறுப்புப் புள்ளி வைத்த பல். அப்பாவின் படத்தில் அவள் இப்போதுதான் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டாள். உள்ளே எதுவும் வரையவில்லை.

"இதே பல்லுதானுங்கப்பா" என்றாள்.

நஞ்சுண்டன் நோட்டைப் பார்த்தார். தன் விரலால் ஒவ்வொரு படத்திலும் நடுவிலிருந்து எண்ணினார். ஒருமுறை எண்ணிவிட்டு, மறுபடியும் எண்ணினார். கன்று ஒன்று கத்தியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு எழுந்து, தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு, வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தம்பி நிதீசு, சட்டையப் போடு. அக்காவையும் கூட்டிக்கிட்டுக் காங்கேயம் போயிட்டு வந்தரலாம்."

"எதுக்குங்கப்பா?"

"பல்லு டாக்டரப் பாக்க."

உள்ளே அலமாரிக் கதவு திறந்து, மறுபடி மூடிக்கொண்டது. பிறகு, "எனக்கு இப்ப நோகறதே இல்லீங்கப்பா" என்றது ஒரு சின்னக் குரல்.

* * *

டாக்டர் ஆமினாவின் அறையில் சாய்வு நாற்காலி இருந்தது. அதற்கு மேலே வளைந்த கையில் ஒரு விளக்கு. நிதீஷ் நாற்காலி விளிம்பில் எந்த நேரமும் குதித்து ஓடுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"எத்தனாவது படிக்கறீங்க சார்?"

"ரெண்டாவது. ஊசி போடுவீங்களா?"

"போட்டாலும் சொல்லிட்டுத்தான் போடுவேன். மொதல்ல பாக்கலாமா?"

அவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். ஒரு எக்ஸ்ரே படம் எடுத்தார். பிறகு நஞ்சுண்டன் பக்கம் திரும்பினார்.

"நல்ல வேளைங்க, இப்பவே கூட்டிட்டு வந்தீங்க. இது பால் பல்லுன்னுதான் எல்லாருமே விட்டுருவாங்க. ஆறு வயசுல பின்னால சத்தமில்லாம வரும். எதுவும் விழுகாததால யாருக்கும் தெரியாது."

நஞ்சுண்டன் தொண்டையைச் செருமினார். "நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். என்ற புள்ளைதான் எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுச்சு."

டாக்டர் லோகப்பிரியாவைப் பார்த்தார். மேசை மேலிருந்த பெரிய பொம்மைப் பல்லை எடுத்து நடுவில் பிரித்தார். அது பலாச்சுளைபோல் இரண்டாகத் திறந்துகொண்டது.

"இங்க பாரும்மா. வெளிய வெள்ளையா இருக்குதே, இதுதான் எனாமல். நம்ம உடம்புலயே ரொம்பக் கெட்டியான பொருள் இதுதான்."

"எலும்பவிடவா?" என்றான் நிதீஷ்.

"எலும்பவிட. அதுக்கு உள்ள மஞ்சளா இருக்கறது கொஞ்சம் மிருதுவான அடுக்கு. நடுவுல சிவப்பா இருக்குது பாத்தியா? அங்கதான் நரம்பும் ரத்தமும். உன் பல்லுல பூச்சி அரிச்ச குழி மஞ்சள் வரைக்கும் வந்திருச்சு. சிவப்புக்கு இன்னும் போகல."

"உள்ள பூச்சி இருக்குதா?"

"பூச்சின்னு சும்மா சொல்றதுதான். இனிப்பும் சோறும் ஒட்டிக்கிட்டு இருந்தா கண்ணுக்குத் தெரியாத கிருமி புளிப்பாக்கி அரிச்சிரும். சுத்தம் பண்ணி அடைச்சிரலாம்."

"அப்பப் புடுங்க வேண்டாமுங்களா?" என்று நஞ்சுண்டன் கேட்டார். அவர் குரல் கொஞ்சம் மெல்லியதாக இருந்தது.

"வேண்டாமுங்க. வேரே இன்னும் வளந்து முடியல. இன்னும் எத்தனையோ வருசம் இவன் சாப்பிட வேண்டிய பல்லு. பால் பல்லா இருந்தாலுமே நோவுன்னா கூட்டிட்டு வந்திருங்க."

"சரிங்க" என்றார் நஞ்சுண்டன்.

ஊசி போட்டார்கள். சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். நிதீஷ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தது இடக்கை, அக்ஷயா கடித்த விரல் அந்தக் கையில்தான் இருந்தது. லோகப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மிஷின் விர்ரென்று சுற்றியது. நிதீஷின் கால் கட்டைவிரல்கள் நிமிர்ந்து நின்றன. கொஞ்ச நேரத்தில் தளர்ந்தன. அரை மணி நேரத்தில் எள் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது.

"உதடு மரத்துப் போயிருக்கும். ரெண்டு மணி நேரத்துக்குச் சாப்பிடாத, கடிச்சுப்போடுவ" என்றார் டாக்டர்.

நிதீஷ் கண்ணாடியில் பார்த்தான். தன் கன்னத்தை விரலால் குத்தினான். "இது என்ற கன்னமே இல்ல" என்றான்.

* * *

வெள்ளகோவில் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நிதீஷுக்கு வாயில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. மறுபக்கம் சும்மா தொங்கியது. அவன் விசிலடித்துப் பார்த்தான். காற்றுதான் வந்தது.

முன் சீட்டிலிருந்த அம்மாள் ஒருவர் மடியில் காய்கறிப் பையோடு திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, பையனுக்கு என்னாச்சு? பால் பல்லு புடுங்கிட்டு வாறீங்களா?"

"இல்லீங்" என்றார் நஞ்சுண்டன். "இது விழுகற பல்லே இல்லீங்க. நடுவுல இருந்து எண்ணுனா ஆறாவது. ஆறு வயசுல தானா மொளைக்குது, அதுக்கு அப்பறம் வேற மொளைக்கறதே இல்ல. நானே பால் பல்லுன்னு சொல்லிட்டு இருந்தேன்."

"அட, நெசமாவா சொல்றீங்க?"

"மாட்டுப் பல்லுப் பாக்கற நானே ஏமாந்துட்டேனுங்க. இந்தப் புள்ளைதான் மூணு வாய எண்ணிக் கண்டுபுடிச்சுது."

லோகப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மடல் சூடாக இருந்தது.

"எங்க பாப்பாவுக்கும் ஆறரை வயசாச்சுங்க" என்று அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். "எப்படி கண்ணு எண்றது?"

"நடுவுல இருந்து எண்ணோணுமுங்க. விழுந்த இடத்தையும் சேத்துக்கோணும். அஞ்சு வரைக்கும் பால் பல்லு எடமுங்க. ஆறாவது இருந்தா அது புதுசு."

அந்த அம்மாள் உடனே போனை எடுத்தார். "ஏனுங்க, நாந்தான். டார்ச் லைட்ட எடுத்துக்குங்க. பாப்பாவ வாயத் தொறக்கச் சொல்லுங்க... எதுக்கா, சொல்றதச் செய்யுங்க. நடுவுல இருந்து எண்ணுங்க. இல்லீங், ஒரு பக்கம் மட்டும்..."

அவர் குரல் பஸ்ஸின் கடைசி சீட்டு வரை போனது. கொஞ்ச நேரத்தில் பேச்சுச் சத்தமெல்லாம் ஒன்றொன்றாக அடங்கியது. டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டர் பாதி வழியில் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். வாயை இறுக்க மூடிக்கொண்டு, கண்ணை மேலே சொருகி, ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார்.

லோகப்பிரியா திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருடைய கன்னத்துக்குள்ளும் ஒரு நாக்கு மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.